தசை வளர்ப்புத் துணையுணவுகளின் வரலாறு: பயனும் பாதுகாப்பும்

உடற்பயிற்சி செய்வோர் தசையையும் வலிமையையும் கூட்டிக்கொள்வதற்காக, அன்றாட உணவுக்கு மேலதிகமாக உட்கொள்ளும் பொடி, மாத்திரை, பானம் போன்றவை தசை வளர்ப்புத் துணையுணவுகள் எனப்படுகின்றன. புரதப் பொடி, கிரியேட்டின், அமினோ அமிலங்கள், பயிற்சிக்கு முன் அருந்தும் ஊக்கப் பானங்கள் ஆகியன இவற்றுள் அடங்கும். ஒரு காலத்தில் மேடையில் பலம் காட்டும் பயில்வான்கள் மட்டுமே நாடிய இப்பொருள்கள், இன்று சிற்றூர் உடற்பயிற்சிக் கூடங்களிலும் இணையக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கின்றன.

இவற்றைப் பற்றி எக்காலத்திலும் இரண்டு கேள்விகள் எழுந்துள்ளன. இவற்றால் உண்மையில் தசை வளருமா என்பது ஒன்று. இவற்றால் உடலுக்குத் தீங்கு நேருமா என்பது மற்றொன்று. இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை இவற்றின் வரலாறு காட்டுகிறது. உணவாக இருந்த பொருள்கள் தந்த பலன் சிறியது, மெதுவானது. திடீரெனப் பெரும்பலன் தந்தவற்றை ஆராய்ந்தபோது, பல நேரங்களில் உணவின் பெயரில் மருந்து இருந்தது தெரியவந்தது.

இறைச்சியே தசையாகும் என்ற நம்பிக்கை

உண்ணும் பொருளின் இயல்பு உண்பவரின் உடலில் சேரும் என்ற எண்ணம் மிகப் பழையது. கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குரோட்டன் நகரத்து மைலோ, பண்டைய ஒலிம்பிக் மற்போரில் ஆறு முறை வென்றவர். அவர் ஓர் இளங்கன்றை நாள்தோறும் தோளில் சுமந்து, அது காளையாக வளர்ந்த பின்னும் சுமந்தார் என்று ஒரு கதை உண்டு. ஒரு முழுக் காளையை ஒரே நாளில் தின்று தீர்த்தார் என்பது இன்னொரு கதை. முதல் கதை படிப்படியாகச் சுமையைக் கூட்டும் பயிற்சியைச் சொல்கிறது. இரண்டாவது கதை உணவைச் சொல்கிறது. பிற்காலத் துணையுணவு வணிகம் பற்றிக்கொண்டது இரண்டாவது கதையையே.

19ஆம் நூற்றாண்டில் இந்நம்பிக்கைக்கு அறிவியலின் ஆதரவு கிடைத்தது. செருமானிய வேதியியலாளர் யுஸ்டஸ் வான் லீபிக், தசை வேலை செய்யும்போது தசையிலுள்ள புரதமே எரிந்து ஆற்றல் தருகிறது என்று கருதினார். அப்படியானால் கடினமாக உழைப்பவர் இழந்த புரதத்தை இறைச்சியால் ஈடுசெய்தாக வேண்டும். லீபிக்கின் பெயரைத் தாங்கிய இறைச்சிச் சாறு நிறுவனம் 1865ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, உருகுவே நாட்டில் மாட்டிறைச்சியைக் காய்ச்சிச் சாறாக்கி ஐரோப்பாவில் விற்றது. ஒரு கிலோ சாற்றுக்கு ஏறக்குறைய 30 கிலோ இறைச்சி தேவைப்பட்டது. ஆனால் இறைச்சியின் புரதத்தில் பெரும்பகுதி சக்கையோடு நின்றுவிட, சாற்றில் சுவையும் உப்புகளுமே மிகுந்திருந்தன. சத்துணவாக அறிமுகமான அப்பொருள், நாளடைவில் சமையலில் சுவையூட்டியாகவே நிலைத்தது.

அதே 1865ஆம் ஆண்டு ஆகஸ்டில் லீபிக்கின் கருத்து ஒரு மலையேற்றத்தால் சோதிக்கப்பட்டது. சூரிச் நகரைச் சேர்ந்த உடலியங்கியலாளர் அடால்ஃப் ஃபிக்கும் வேதியியலாளர் யொகான்னஸ் விஸ்லிசேனஸும் சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் மலையில் ஏறினர். ஏரிக்கரையிலிருந்து உச்சிவரை அவர்கள் ஏறிய உயரம் 1,956 மீட்டர். முந்தைய நாள் நண்பகலிலிருந்தே அவர்கள் புரத உணவைத் தவிர்த்து, மாவுப் பண்டமும் கொழுப்பும் சர்க்கரையுமே உண்டனர். தம் சிறுநீரைச் சேகரித்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, உடலில் எவ்வளவு புரதம் சிதைந்தது என்று கணக்கிட்டனர். சிதைந்த புரதம் தந்திருக்கக்கூடிய ஆற்றல், மலையேறத் தேவையான ஆற்றலுக்குப் போதவில்லை. புரதத்தின் எரிவெப்பத்தை எட்வர்ட் ஃபிராங்க்லாந்து அளந்து 1866ஆம் ஆண்டு வெளியிட்டபோது இம்முடிவு மேலும் உறுதிப்பட்டது. தசையின் முதன்மையான எரிபொருள் மாவுச்சத்தும் கொழுப்புமே. புரதம் தசையைக் கட்டவும் பழுதுபார்க்கவும் தேவைப்படும் பொருள்.

எவ்வளவு புரதம் தேவை என்ற கேள்வி அதன் பின்னும் தொடர்ந்தது. செருமனியின் கார்ல் வோய்ட் நாளொன்றுக்கு 118 கிராம் வேண்டும் என்றார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரசல் சிட்டெண்டன், பேராசிரியர்கள், படைவீரர்கள், மாணவ விளையாட்டு வீரர்கள் ஆகியோரைப் பல மாதங்கள் அதில் ஏறக்குறைய பாதியளவு புரதத்தில் வாழச் செய்தார். அவர்களின் வலிமை குறையவில்லை என்று 1904ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். ஆயினும் புரதம் கூடக்கூட வலிமை கூடும் என்ற எண்ணம் மக்களிடையே நீடித்தது.

சாண்டோவும் பால் புரதமும்

இந்த எண்ணத்தை விளம்பரமாக மாற்றிய முதல் தலைமுறையினருள் யூஜென் சாண்டோ குறிப்பிடத்தக்கவர். 1867ஆம் ஆண்டு பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்த இவர், கட்டுடலைக் காட்சியாக்கி உலகப் புகழ் பெற்றார். 1901ஆம் ஆண்டு இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் உடற்கட்டுப் போட்டி ஒன்றை நடத்தினார். 1904-05ஆம் ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தார். அவருடைய பெயர் தமிழில் பலசாலியைக் குறிக்கும் சொல்லாகவே ஆகிவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்குச் 'சாண்டோ' என்ற அடைமொழி அமைந்தது. கையில்லாத பனியன் இன்றும் கடைகளில் 'சாண்டோ பனியன்' என்றே விற்கப்படுகிறது.

1900ஆம் ஆண்டை ஒட்டி ஐரோப்பாவில் 'பிளாஸ்மான்' என்ற பொடி பரவலாக விற்கப்பட்டது. கொழுப்பு நீக்கிய பாலிலிருந்து பிரித்த புரதமே அது. இன்றைய புரதப் பொடிகளின் நேரடி முன்னோடி என்று அதைச் சொல்லலாம். சாண்டோ உள்ளிட்ட பலசாலிகளும் விளையாட்டு வீரர்களும் அதைப் பரிந்துரைத்தனர். எழுத்தாளர் மார்க் ட்வைன் அதன் நிறுவனத்தில் பணம் போட்டார். பின்னர் சாண்டோ தம் பெயரிலேயே வலிமை தரும் கோகோப் பொடியை விற்கத் தொடங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் அவ்வணிகம் முடங்கியது.

சாண்டோவின் உடல் பல்லாண்டுக் கடும்பயிற்சியால் உருவானது. பால் புரதமும் கோகோவும் விற்பனைக்கு வருமுன்பே அவர் புகழின் உச்சியில் இருந்தார். பயிற்சியால் வந்த உடலைக் காட்டிப் பொடியை விற்கும் வழக்கம் இவ்வாறு தொடங்கி, இன்றைய சமூக ஊடக விளம்பரங்கள் வரை தொடர்கிறது.

யார்க் நகரத்துப் பொடியும் மறைந்திருந்த மாத்திரையும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து யார்க் நகரில் பாப் ஹாஃப்மன் என்பவர் பளுதூக்கும் கருவிகளைத் தயாரித்தார். 1932ஆம் ஆண்டு முதல் 'ஸ்ட்ரெங்த் அண்ட் ஹெல்த்' என்ற இதழையும் நடத்தினார். அமெரிக்க ஒலிம்பிக் பளுதூக்கும் அணிக்குப் பயிற்சியாளராகவும் இருந்தார். 1950களின் தொடக்கத்தில் சோயா மாவை அடிப்படையாகக் கொண்ட 'ஹை-புரோட்டீன்' என்ற பொடியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இதழ், கருவி, வீரர், பொடி ஆகிய நான்கும் ஒரே கையில் இருந்தன. இதழில் வீரரின் படம் வரும். அவருடைய வெற்றிக்குப் பொடி காரணம் என்று எழுதப்படும். அடுத்த பக்கத்தில் பொடியின் விளம்பரம் இருக்கும்.

1958ஆம் ஆண்டு சீபா என்ற மருந்து நிறுவனம் 'டயனபால்' என்ற மாத்திரையை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மெத்தாண்டியனோன் என்னும் செயற்கை ஸ்டீராய்டு அதில் இருந்தது. ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோனைப் போலத் தசையை வளர்க்கும் தன்மை அதற்கு உண்டு. அமெரிக்க அணியோடு தொடர்புடைய ஜான் சீக்ளர் என்ற மருத்துவர், 1960ஆம் ஆண்டை ஒட்டி யார்க் வீரர்கள் சிலருக்கு அதைக் கொடுத்தார். அவர்களின் வலிமை வியக்கத்தக்க அளவில் கூடியது. அப்போது ஹாஃப்மனின் இதழ் அவ்வெற்றிக்குப் புதிய பயிற்சி முறையையும் புரதப் பொடியையும் காரணமாகக் காட்டியது. மாத்திரை பற்றிய செய்தி வாசகர்களுக்குச் சொல்லப்படவில்லை. வீரர்கள் அளவுக்கு மீறி மாத்திரைகளை உட்கொண்டதைப் பிற்காலத்தில் கண்ட சீக்ளர், தாம் செய்ததற்காக வருந்தினார்.

துணையுணவு வரலாற்றில் இந்நிகழ்வு முக்கியமானது. பொடியை வாங்கிய பல்லாயிரம் இளைஞர்கள், பொடியால் அடைய முடியாத ஒரு முடிவைத் தங்களுக்கு அளவுகோலாக்கிக்கொண்டனர். அது கைகூடாதபோது பயிற்சியையோ தங்களையோ குறை கூறிக்கொண்டனர். அல்லது இன்னும் அதிகமாகப் பொடி வாங்கினர்.

ஹாஃப்மனுக்குப் போட்டியாக வளர்ந்தவர் கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த ஜோ வீடர். இவர் 1940ஆம் ஆண்டு தம் முதல் இதழைத் தொடங்கினார். 1968ஆம் ஆண்டு ஆர்னால்டு சுவார்செனேகர் அமெரிக்காவுக்கு வர இவரே வழிசெய்தார். ஸ்டீராய்டுக்கு மாற்றாகத் தசை வளர்க்கும் என்று இவருடைய நிறுவனம் சில பொருள்களை விளம்பரம் செய்தது. அக்கூற்றுகளை அமெரிக்க வணிக ஆணையம் ஏற்கவில்லை. 1985ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அவ்வாறு விளம்பரம் செய்வதை நிறுத்தவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

கழிவிலிருந்து வந்த வே புரதம்

பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி செய்யும்போது எஞ்சும் தெளிநீரில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் அளவுக்குப் புரதம் உண்டு. நெடுங்காலமாக இந்நீர் பன்றிகளுக்குத் தீவனமாக ஊற்றப்பட்டது, அல்லது ஆறுகளில் விடப்பட்டது. ஆறுகள் மாசடைவதைத் தடுக்கச் சட்டங்கள் கடுமையானபோது தொழிற்சாலைகள் வேறு வழி தேடின. 1970களில் நுண்சவ்வு வடிகட்டல் முறை வளர்ந்தது. அதனால் நீரையும் பால்சர்க்கரையையும் பிரித்து, புரதத்தைச் சேதமின்றித் திரட்டிப் பொடியாக்க முடிந்தது. இதுவே வே புரோட்டீன்.

விரைவில் செரிப்பதும், தசை உருவாக்கத்தைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் மிகுந்திருப்பதும் வே புரதத்தின் சிறப்புகள். எனினும் அடிப்படையில் இது பாலின் ஒரு பகுதியே. ஒரு கரண்டிப் பொடியில் பொதுவாக 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும். ஏறக்குறைய நான்கு முட்டைகளில் உள்ள புரதமும் அவ்வளவே.

கிரியேட்டின்: நூற்றாண்டைக் கடந்த ஆய்வு

துணையுணவுகளுள் பயன் உறுதியாக நிறுவப்பட்ட பொருள் கிரியேட்டின். இதன் கதை விளம்பரத்தில் தொடங்காமல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. 1832ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் செவ்ருல் இறைச்சியிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார். 1847ஆம் ஆண்டு லீபிக், வேட்டையில் ஓடிக் கொல்லப்பட்ட நரிகளின் தசையில், கூண்டில் வளர்ந்த நரியின் தசையில் இருப்பதைவிட மிக அதிகமாக இப்பொருள் இருப்பதாக எழுதினார்.

தசையில் இது என்ன செய்கிறது என்பது 1927ஆம் ஆண்டு தெளிவாகத் தொடங்கியது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கும் எல்லப்பிரகட சுப்பாராவும், பாஸ்பேட்டோடு இணைந்த கிரியேட்டினைத் தசையில் கண்டறிந்தனர். இங்கிலாந்தில் எகிள்டன் இணையரும் அதே காலத்தில் தனியாக இதே கண்டுபிடிப்பை நெருங்கினர். சுப்பாராவ் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் கற்பித்த பின் அமெரிக்கா சென்றவர். செல்களின் ஆற்றல் நாணயமாகிய ஏடிபி என்ற மூலக்கூறை 1929ஆம் ஆண்டு கண்டறிந்தவர்களுள்ளும் இவர்கள் இருவரும் உண்டு.

தசை முழுவிசையோடு இயங்கும்போது ஏடிபி சில நொடிகளில் தீர்ந்துவிடும். பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து அதை உடனே மீட்டெடுக்கிறது. எனவே தசையில் கிரியேட்டின் இருப்பு கூடினால், எடை தூக்குபவர் ஒன்றிரண்டு முறை கூடுதலாகத் தூக்கலாம். அந்தக் கூடுதல் பயிற்சியே நாளடைவில் கூடுதல் தசையாகிறது. கிரியேட்டின் பயிற்சிக்கு மாற்று ஆகாது. அது பயிற்சியைச் சற்றுக் கூட்ட உதவுகிறது, அவ்வளவே.

உண்ணும் கிரியேட்டின் தசையில் சேருகிறதா என்ற கேள்விக்கு 1992ஆம் ஆண்டு ரோஜர் ஹாரிஸ், காரின் சோடர்லுண்ட், எரிக் ஹல்ட்மன் ஆகியோரின் ஆய்வு விடையளித்தது. நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை, முறைக்கு 5 கிராம் வீதம் கொடுத்தபோது தசையில் அதன் அளவு தெளிவாக உயர்ந்தது. தொடக்கத்தில் இருப்பு குறைவாக இருந்தவர்களிடம் உயர்வு மிகுந்திருந்தது. இறைச்சியும் மீனும் உண்ணாதவர்களுக்குப் பலன் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு இதுவே காரணம். அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற லின்ஃபர்டு கிறிஸ்டி உள்ளிட்ட பிரித்தானிய வீரர்கள் இதைப் பயன்படுத்தியதாகச் செய்திகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டே இது அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

1997ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மற்போர் வீரர்கள் மூவர் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தபோது, ஐயம் முதலில் கிரியேட்டின் மீது விழுந்தது. விசாரணையில் வேறு காரணம் தெரிந்தது. குறைந்த எடைப்பிரிவில் சேர்வதற்காக அவர்கள் நீர் அருந்தாமல், காற்றுப்புகாத உடையணிந்து, வெப்பமான அறையில் பயிற்சி செய்திருந்தனர். உடல்நீர் வற்றியதும் உடல்வெப்பம் மிகுந்ததும் அவர்களைக் கொன்றன. பாதுகாப்பு பற்றிய கேள்வியில் தவறான பொருளைக் குற்றவாளியாக்குவதும் நிகழும் என்பதற்கு இது சான்று.

கிரியேட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கும் இதுபோன்ற ஒரு பின்னணி உண்டு. உடலில் கிரியேட்டின் சிதைந்து கிரியேட்டினின் ஆகிறது. சிறுநீரகத்தின் நலனை அறிய மருத்துவர்கள் அளப்பது இந்தக் கிரியேட்டினினையே. துணையுணவு உண்பவரிடம் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த அளவு சற்று உயரலாம். ஆகவே இரத்தப் பரிசோதனைக்கு முன் கிரியேட்டின் உண்பதை மருத்துவரிடம் சொல்வது தேவை. நலமுள்ள பெரியவர்கள் நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் உண்டபோது சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை.

1994ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விளைவுகளும்

1990ஆம் ஆண்டு அமெரிக்கா ஸ்டீராய்டுகளைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளாக அறிவித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1994 அக்டோபரில், துணையுணவுகளுக்கெனத் தனிச்சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி துணையுணவு விற்பவர், விற்பனைக்கு முன் அதன் பயனையோ பாதுகாப்பையோ அரசிடம் நிறுவ வேண்டியதில்லை. தீங்கு உண்டென்றால், விற்பனைக்கு வந்தபின் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு உணவு மருந்து நிர்வாகத்தினுடையது. மருந்துக்கு நேர்மாறான ஏற்பாடு இது. வாங்கி உண்டவர்களின் உடலே சோதனைக் களமாயிற்று. அடுத்த இருபது ஆண்டுகளின் நிகழ்வுகள் இதைக் காட்டுகின்றன.

1998ஆம் ஆண்டு மார்க் மெக்குவயர் என்ற பேஸ்பால் வீரர் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்தார். அவருடைய அலமாரியில் 'ஆன்ட்ரோஸ்டெனிடியோன்' புட்டி இருந்ததை ஒரு செய்தியாளர் கண்டு எழுதினார். கடையில் வெளிப்படையாகக் கிடைத்த அப்பொருளின் விற்பனை பெருகியது. 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் இளைஞர்கள் எட்டு வாரங்கள் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் உண்டபோது, அவர்களின் டெஸ்டோஸ்டிரோனோ வலிமையோ கூடவில்லை. மாறாகப் பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரோஜன் கூடியது, நல்ல கொழுப்பு குறைந்தது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் இது தடை செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டு மெக்குவயர் தாம் ஸ்டீராய்டு பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார். யார்க் நகரத்துக் கதையே இங்கு மீண்டும் நடந்தது.

எபிட்ரா என்ற மூலிகை சீன மருத்துவத்தில் நெடுங்காலமாக உள்ளது. அதன் சாரமான எபிட்ரினைக் காஃபீனோடு சேர்த்து, கொழுப்பைக் கரைத்து ஊக்கம் தரும் மாத்திரையாக விற்றனர். 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர் பயிற்சியின்போது வெப்பத்தாக்கால் இறந்தார். அவர் உண்ட எபிட்ராவும் ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. 2004 ஏப்ரலில் எபிட்ரா தடை செய்யப்பட்டது. அந்த இடத்தை டிஎம்ஏஏ என்ற பொருள் நிரப்பியது. 1940களில் மூக்கடைப்பு மருந்தாக உருவான இது, பயிற்சிக்கு முன் அருந்தும் பொடிகளில் சேர்க்கப்பட்டது. இரத்தக் குழாய்களைச் சுருக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்தும் இயல்புடையது. படைவீரர்கள் சிலரின் இறப்புக்குப் பின் 2011ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்கப் படைமுகாம்களின் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது.

மூலிகை என்ற பெயர் பாதுகாப்புக்கு உறுதி ஆகாது என்பதை 2013ஆம் ஆண்டு ஹவாய் தீவுகளில் நேர்ந்த கல்லீரல் அழற்சி உணர்த்தியது. பாதிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் உடற்பயிற்சித் துணையுணவு ஒன்றை உண்டிருந்தனர். அதில் ஏஜெலின் என்ற பொருள் சேர்க்கப்பட்டிருந்தது. வில்வ மரத்தில் இயற்கையாக உள்ள வேதிப்பொருள் அது. ஆனால் புட்டியில் இருந்தது ஆலையில் செயற்கையாகத் தயாரித்தது. சிலருக்குக் கல்லீரல் மாற்று சிகிச்சை தேவைப்பட்டது, உயிரிழப்பும் நேர்ந்தது. அமெரிக்காவின் கல்லீரல் பாதிப்பு ஆய்வு வலையமைப்பு பதிவு செய்த நோயாளிகளுள், துணையுணவால் பாதிக்கப்பட்டோரின் பங்கு 2004-05இல் 7 விழுக்காடாக இருந்து, 2010-12இல் 20 விழுக்காடாக உயர்ந்தது. உடற்கட்டுப் பொருள்கள் இளைஞர்களுக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் மஞ்சள் காமாலையை உண்டாக்கின.

புட்டிக்குள் இருப்பது என்ன?

பொருளே தீங்கானது என்பது ஒரு வகை. சீட்டில் எழுதியிராத பொருள் உள்ளே இருப்பது இன்னொரு வகை. 2000-01ஆம் ஆண்டுகளில் செருமனியின் கொலோன் ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 துணையுணவுகளைச் சோதித்தது. அவற்றுள் 94இல், அதாவது ஏறக்குறைய 15 விழுக்காட்டில், சீட்டில் குறிப்பிடாத ஸ்டீராய்டு வகைப் பொருள்கள் இருந்தன. 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருந்து கலந்தவை என அறிவித்த 776 துணையுணவுகளுள் 92 தசை வளர்ப்புக்கானவை. அவற்றுள் பத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஸ்டீராய்டோ அதைப் போன்ற பொருளோ கலந்திருந்தது.

புரதப் பொடியில் நடக்கும் மோசடி வேறு விதமானது. 1883ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் யொகான் கெல்டால் வகுத்த முறையில், பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரத அளவு கணக்கிடப்படுகிறது. இம்முறை புரதத்தை நேராக அளப்பதில்லை. ஆகவே கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தால், புரதம் கூடாமலே கணக்கில் மட்டும் கூடும். 2008ஆம் ஆண்டு சீனாவில் குழந்தைகளுக்கான பால்பொடியில் மெலமைன் கலக்கப்பட்டதும் இதே கணக்கை ஏமாற்றத்தான். அதில் ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றனர், ஆறு குழந்தைகள் இறந்தனர்.

இந்தியாவில்

இந்தியாவில் துணையுணவுகள் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இவற்றுக்கான தனி விதிகள் 2016ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு, 2022ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டன. சட்டம் இருந்தும் சந்தையின் நிலை கவலைக்குரியதாக உள்ளது. இந்தியாவில் விற்கப்படும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், ஏறக்குறைய 70 விழுக்காட்டுப் பொடிகளில் சீட்டில் எழுதிய புரத அளவு தவறாக இருந்தது. சிலவற்றில் எழுதியதில் பாதியே இருந்தது. சில பொடிகளில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன. அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், புரதத் துணையுணவுகளைத் தவிர்த்து உணவிலிருந்தே புரதம் பெறுமாறு அறிவுறுத்தின.

விளையாட்டு வீரர்களுக்கு இதன் விலை மிகப் பெரிது. 2011ஆம் ஆண்டு இந்தியத் தொடர் ஓட்ட வீராங்கனைகள் சிலர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினர். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் துணையுணவில் அது கலந்திருந்திருக்க வேண்டும் என்று அவர்கள் கூறினர். இந்திய ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. பன்னாட்டு விளையாட்டு நடுவர் மன்றம் அதை ஈராண்டாக உயர்த்தியது. உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு, அறியாமை முழு விலக்கு ஆகாது என்பது ஊக்கமருந்து விதிகளின் அடிப்படை. அவர்களின் சோதனையில் கண்டறியப்பட்டது மெத்தாண்டியனோன். அரை நூற்றாண்டுக்கு முன் யார்க் வீரர்களுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரையில் இருந்த அதே ஸ்டீராய்டு அது.

இன்றைய சான்றுகள் சொல்வது

எடைப் பயிற்சி செய்வோரிடம் நடந்த 49 ஆய்வுகளை, 1,863 பேரின் தரவுகளோடு, 2018ஆம் ஆண்டு ஒருங்கே பகுத்தாய்ந்தனர். கூடுதல் புரதம் உண்டவர்கள், பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடச் சராசரியாக 0.3 கிலோ அளவே கூடுதல் கொழுப்பில்லா எடை பெற்றனர். வளர்ச்சியின் பெரும்பங்கு பயிற்சியால் வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் புரதத்துக்கு மேல் உண்டதால் தசை வளர்ச்சியில் மேலும் பயன் காணப்படவில்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது 112 கிராம். பருப்பு, சுண்டல், பால், தயிர், முட்டை, மீன், கோழி, சோயா ஆகியவற்றைத் திட்டமிட்டு உண்பவர் இதன் பெரும்பகுதியையோ முழுமையையோ பொடியின்றியே பெறலாம். பொடி வசதிக்கானது, கட்டாயமானதன்று. நலமுள்ள சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுப்பதில்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது தீங்காகலாம்.

கிரியேட்டின், காஃபீன், பீட்டா அலனின் போன்ற மிகச் சிலவற்றையே ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் திறனைக் கூட்டும் வலுவான சான்றுள்ள பொருள்களின் பட்டியலில் வைத்துள்ளது. காஃபீன் அளவு மீறினால் படபடப்பு, தூக்கமின்மை, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை நேரலாம். போதிய புரதம் உண்பவர்களுக்குக் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களாலும் குளுட்டமினாலும் கூடுதல் தசை வளர்வதாக உறுதியான சான்று இல்லை. டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டும் என்று விற்கப்படும் மூலிகைக் கலவைகளுக்கும் இதுவே பொருந்தும். வளரும் பருவத்தினர் இவற்றைத் தவிர்க்குமாறு குழந்தை நல மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

லீபிக்கின் இறைச்சிச் சாறு முதல் இன்றைய வண்ணப் புட்டிகள் வரை, இத்துறையின் வாக்குறுதி பெரிதாக மாறவில்லை. பயிற்சியும் உணவும் ஓய்வும் மாதக்கணக்கில் தருவதைப் பொடி வாரக்கணக்கில் தரும் என்பதே அது. நூற்றைம்பது ஆண்டு ஆய்வில் தேறி நின்ற பொருள்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, பெரும்பாலும் மலிவானவை, மெதுவாகப் பலன் தருபவை. எனவே ஒரு துணையுணவு சில வாரங்களில் வியக்கத்தக்க மாற்றம் தந்தால், அதன் தரத்தைப் பாராட்டுவதற்கு முன் உள்ளே என்ன கலந்துள்ளது என்று கேட்பதே வரலாறு கற்பிக்கும் முன்னெச்சரிக்கை.